கட்டளை வரிவழிக் காப்புநகல் மேலாண்மை

கணினியிலுள்ள கோப்புகளுக்கும் தரவுத்தளங்களுக்கும் வேறோர் இடத்தில் நகல் எடுத்துவைத்து, மூலம் அழிந்தால் அதிலிருந்து மீட்டெடுக்க உதவும் மென்பொருளை, திரையில் பொத்தான்களைச் சொடுக்காமல் முனையத்தில் தட்டச்சிடும் ஆணைகளாலேயே இயக்குவது கட்டளை வரிவழிக் காப்புநகல் மேலாண்மை எனப்படும். அலுவலக வழக்கில் ‘பேக்கப்’ என்றே வழங்கும் இப்பணி இரண்டு கேள்விகளைச் சுற்றி அமைகிறது: நகல் எங்கே, எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்பது சேமிப்பிடத்தைப் பற்றியது, அதை யார் படிக்கலாம், யார் அழிக்கலாம் என்பது பாதுகாப்பைப் பற்றியது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஊரகக் கொம்யூன்களான வில்லியனூர், பாகூர் போன்ற இடங்களில் வீட்டுவரிக் கணக்கு, பிறப்பு இறப்புப் பதிவு, கூட்டுறவுக் கடன் சங்கப் பேரேடு, பள்ளிப் பதிவேடு என மக்களின் உரிமைகளோடு பிணைந்த ஆவணங்களில் எவையெல்லாம் சிறிய அலுவலகக் கணினிகளில் தங்குகின்றனவோ, அவற்றுக்கெல்லாம் இவ்விரு கேள்விகளும் பெருநகரத் தரவு மையத்துக்குப் பொருந்தும் அதே கடுமையோடு பொருந்தும்.

கட்டளை வரி இத்தகைய இடங்களுக்கு ஏற்றதாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. ஒரே வரியில் எழுதிய ஆணையை ‘க்ரான்’ என்னும் நேரங்காட்டி நிரலிடம் ஒப்படைத்துவிட்டால், அலுவலகம் பூட்டிய பின் அது தானே இயங்கும். பழைய கணினியிலும் மெதுவான இணைப்பிலும் தடையின்றிச் செயல்படும். ஒவ்வோர் ஓட்டத்தின் விளைவும் எழுத்துப் பதிவாக எஞ்சும். ஊழியர் மாற்றலாகிப் போனாலும், குறிப்பேட்டில் எழுதிவைத்த அதே ஆணைகளை அடுத்து வருபவர் பிழையின்றித் திரும்பச் செய்யலாம்.

வில்லியனூருக்கு இத்துறையில் ஒரு முன்வரலாறும் இருக்கிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியுடன் 1998இல் தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்தின் நடுவம் வில்லியனூரில்தான் அமைந்தது. அரசுத் திட்டங்கள், விலை நிலவரம், கடல் நிலை முதலிய செய்திகள் அங்கே தமிழில் தொகுக்கப்பட்டு, தொலைபேசி இணைப்பை நம்ப முடியாத ஊர்களுக்கு வானலைக் கருவிகள் வழியே சென்றன. மின்வெட்டைச் சமாளிக்கச் சூரிய மின்சாரமும் பயன்பட்டது. எந்த நேரமும் மின்சாரம் நின்றுபோகலாம், இணைப்பு அறுந்துபோகலாம் என்று எண்ணியே கட்டப்பட்ட அவ்வமைப்பின் எச்சரிக்கை, இன்றைய காப்புநகல் திட்டத்துக்கும் சரியான தொடக்கப் புள்ளியாகும்.

சேமிப்பிடம்

யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்போடு 1979இல் வந்த ‘டார்’, பல கோப்புகளை ஒரே கட்டாகத் தொகுப்பது. ஆண்ட்ரூ ட்ரிட்ஜலும் பால் மெக்கராஸும் 1996இல் வெளியிட்ட ‘ஆர்சிங்க்’, மாறிய பகுதிகளை மட்டும் மறுமுனைக்கு அனுப்புவது. இரண்டும் இன்றும் பயன்படுகின்றன. ஆயினும் ஆர்சிங்க் கொண்டு எடுக்கும் கண்ணாடி நகலை மட்டும் நம்புவது ஆபத்தானது. காலையில் தவறுதலாகச் சிதைந்த கணக்குக் கோப்பு, இரவில் நல்ல நகலின் மேலேயே எழுதப்பட்டுவிடும்.

இக்குறையை நீக்குவன ‘அட்டிக்’ என்னும் திட்டத்திலிருந்து 2015இல் கிளைத்த ‘போர்க்’, அலெக்சாண்டர் நாய்மன் தொடங்கிய ‘ரெஸ்டிக்’ போன்ற கட்டற்ற மென்பொருள்கள் ஆகும். இவை ஒவ்வொரு கோப்பையும் அதன் உள்ளடக்கத்தைப் பொறுத்து நீளம் மாறும் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் கணித முறையில் ஓர் அடையாளம் கணித்து, அதே அடையாளமுள்ள துண்டு களஞ்சியத்தில் ஏற்கெனவே இருந்தால் மீண்டும் சேர்க்காமல் சுட்டியை மட்டும் குறித்துக்கொள்கின்றன. ரெஸ்டிக்கில் ஒரு துண்டின் அளவு சராசரியாக ஒரு மெகாபைட் ஆகும். களஞ்சியம் என்பது இத்துண்டுகளும் அவற்றின் அட்டவணையும் சேர்ந்த கிடங்கு. ஒரு குறிப்பிட்ட நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையைக் காட்டும் பதிவு ‘ஸ்னாப்ஷாட்’ எனப்படும். முப்பது நாள் ஸ்னாப்ஷாட்டுகளைச் சேமித்தாலும் மாறிய துண்டுகளுக்கு மட்டுமே இடம் செலவாகும் என்பதால், அலுவலகக் கணக்குகளுக்குச் சிறிய ஹார்ட் டிஸ்க்கே நெடுநாள் போதும். நகல் எடுக்கும்போது மின்சாரம் போனால், அதுவரை முறையாகச் சேர்ந்த துண்டுகள் வீணாவதில்லை. ரெஸ்டிக் களஞ்சியத்தில் எஞ்சிய பழைய பூட்டை ‘அன்லாக்’ ஆணையால் நீக்கிவிட்டு ஓட்டத்தைத் தொடரலாம். அதற்கு முன் வேறெந்தக் கணினியும் அக்களஞ்சியத்தில் வேலை செய்யவில்லை என்பதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுப்பது பயனற்றுப் போகலாம். பாதி எழுதப்பட்ட நிலையும் பாதி எழுதப்படாத நிலையும் கலந்த நகலைத் திறக்க முடியாமல் போகலாம். ஆகவே, முதலில் தரவுத்தளத்தின் சொந்த ‘டம்ப்’ ஆணையால் முரணற்ற ஏற்றுமதிக் கோப்பைப் பெற்று, அதையே காப்புநகலாக்குவது முறை.

பழைய பதிவுகளைக் கழிப்பதற்கான ஆணைகள் பலரையும் குழப்புகின்றன. ரெஸ்டிக்கில் ‘ஃபர்கெட்’ ஸ்னாப்ஷாட்டின் பதிவை மட்டுமே நீக்கும். அதன் துண்டுகள் வட்டில் அப்படியே இருக்கும். ‘ப்ரூன்’ இயங்கிய பிறகே இடம் விடுபடும். போர்க்கின் 1.2 பதிப்பு முதல் அப்பணி ‘காம்பேக்ட்’ ஆணைக்கு உரியது. நாள்பதிவு 7, வாரப்பதிவு 4, மாதப்பதிவு 12 என்று வைப்பது பரவலான வழக்கம். வரிக்கணக்குக்கு நிதியாண்டு முடிவின் பதிவைத் தனியே காப்பது அறிவுடையது. வட்டு முழுவதும் நிரம்பும்வரை காத்திருக்கக் கூடாது. கழிக்கும் வேலைக்கும் சிறிது வெற்றிடம் தேவைப்படுவதால், நிரம்பிய வட்டில் போர்க் பழையதை நீக்கவும் முடியாமல் நின்றுவிடும்.

இடத் தேர்வு

மூன்று நகல்கள், இரண்டு வகை ஊடகங்கள், அவற்றுள் ஒன்று வெளியூரில் என்னும் விதி ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக்கால் பரவலானது. இதில் ‘வெளியூர்’ என்பதை நிலவியல் அறிந்து முடிவு செய்ய வேண்டும். வில்லியனூர் சங்கராபரணிக் கரையில் இருக்கிறது. பாகூர் கொம்யூனின் தெற்கே தென்பெண்ணை ஓடுகிறது. வெவ்வேறு ஆற்று வடிநிலங்கள் ஆதலால், ஓர் ஆற்றின் பெருக்கு மட்டுமே என்றால் ஒன்றின் நகலை மற்றொன்றில் வைப்பது ஓரளவு பயன்தரும். புயல் அந்தக் கணக்கை ஏற்பதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலின் பாதைக்குள் இரு கொம்யூன்களும் அடங்கின. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கடந்த ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணை வழியே வந்து பாகூர்ப் பகுதிக் கிராமங்களைச் சூழ்ந்தது. ஆகவே, இரு கொம்யூன்களும் தங்களுக்குள் நகல் மாற்றிக்கொள்வதோடு நிற்பது போதாது.

புதுச்சேரி நிர்வாகத்துக்கு இவ்விடயத்தில் வேறெங்கும் எளிதில் வாய்க்காத வசதி ஒன்று உண்டு. அதன் மாஹே பகுதி அரபிக்கடலோரத்தில் கேரளத்தால் சூழப்பட்டிருக்கிறது. ஏனாம் கோதாவரிக் கழிமுகத்தில் இருக்கிறது. ஒரே நிர்வாகத்தின் கீழிருந்தும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விலகிய இவ்விடங்களில், குறிப்பாக மாஹேயில், மூன்றாம் நகலை வைத்தால், வங்கக் கடலில் எழும் ஒரே புயல் மூலத்தையும் நகலையும் சேர்த்து அழிக்கும் வாய்ப்பு மிகவும் குறையும்.

பாதுகாப்பு

வெளியிடத்துக்குப் போகும் நகல் மறையாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். அதாவது, உரிய திறவுகோல் இல்லாதவர்க்குப் பொருளற்ற குறிகளாகத் தோன்றுமாறு மாற்றப்பட்டிருக்க வேண்டும். ரெஸ்டிக் ஏஇஎஸ்-256 முறையில் மறையாக்கம் செய்கிறது. களஞ்சியத்துக்கு ஒரு தலைமைத் திறவுகோலும், அதைத் திறக்கும் கடவுச்சொற்கள் பலவும் அதில் இருக்கலாம். ஊழியர் ஒவ்வொருவருக்கும் ‘கீ ஆட்’ ஆணையால் தனிக் கடவுச்சொல் தந்து, மாற்றலாகும்போது ‘கீ ரிமூவ்’ ஆணையால் நீக்குவது நல்ல முறை. எனினும் தலைமைத் திறவுகோல் இதனால் மாறுவதில்லை. அதை ஒருவர் முன்பே நகலெடுத்து வைத்திருந்தால், புதிய களஞ்சியம் தொடங்குவதே உண்மையான தீர்வு. கடவுச்சொல்லை ஆணை வரியிலேயே எழுதுவதும் தவறு. அது ஆணை வரலாற்றில் தங்கும், அதே கணினியின் பிற பயனர்க்கு இயங்கு நிரல்களின் பட்டியலிலும் தெரியலாம். உரியவர் மட்டும் படிக்கும் அனுமதி கொண்ட தனிக்கோப்பில் அதை வைக்க வேண்டும். திறவுகோலே தொலைந்தால் நகல் இருந்தும் பயனில்லை. போர்க்கில் திறவுகோலைக் காகிதத்தில் அச்சிட்டுக்கொள்ள ஆணை உண்டு. அக்காகிதம் வேறொரு கட்டடத்தின் பீரோவில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது எழுதும் உரிமையையும் அழிக்கும் உரிமையையும் பிரித்துவைப்பதாகும். தரவை மறையாக்கிவிட்டுப் பணம் கேட்கும் பணயத் தாக்குதல் நடத்துவோர் கணினிக்குள் நுழைந்ததும் காப்புநகல்களைத் தேடி அழிக்க முனைகின்றனர். 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு தாக்குதலாளர்களால் மறையாக்கப்பட்டபோது, பாதிக்கப்படாமல் தப்பிய காப்புநகல் சர்வரிலிருந்தே இ-ஹாஸ்பிட்டல் தரவுகள் மீட்கப்பட்டன. போர்க்கின் ‘சர்வ்’ ஆணையை ‘அப்பெண்ட் ஒன்லி’ விருப்பத்தோடு மறுமுனைக் கணினியில் அமைத்தாலோ, ரெஸ்டிக்கின் துணைச் சர்வரை அதே முறையில் இயக்கினாலோ, அலுவலகக் கணினியால் புதிய துண்டுகளைச் சேர்க்க மட்டுமே இயலும். பழையவற்றைக் கழிக்கும் ஆணை வேறொருவர் பொறுப்பிலுள்ள வேறு கணினியிலிருந்தே வரும். அந்தப் பொறுப்பாளரும் கண்ணை மூடிக்கொண்டு கழிக்கலாகாது: தாக்குதலாளர் போலி ஸ்னாப்ஷாட்டுகளை நிறையச் சேர்த்து, எண்ணிக்கை விதியால் நல்ல பதிவுகள் தாமாக நீங்குமாறு செய்ய முடியும். இத்தகைய ஏற்பாடுகளுக்குச் சட்டக் காரணமும் உண்டு: 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தரவைக் கையாள்வோர் போதிய பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது.

மீட்டெடுப்புச் சோதனை

‘செக்’ ஆணை களஞ்சியத்தின் கட்டமைப்பைச் சோதிக்கும். ரெஸ்டிக்கில் தரவின் ஒரு பகுதியையும் படித்துப் பார்க்கச் செய்யலாம். ஆனால் வேறொரு கணினியில் ‘ரெஸ்டோர்’ செய்து, கோப்பைத் திறந்து, கணக்கு ஒப்புகிறதா என்று பார்ப்பதற்கு எதுவும் ஈடில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், செப்டம்பரில் இச்சோதனையைச் செய்துமுடிப்பது இப்பகுதிக்குப் பொருத்தமானது.

தமிழ் ஆவணங்களுக்கு இன்னொரு சோதனையும் வேண்டும். தமிழக அரசு ஒருங்குறியை 2010இல் தரமாக ஏற்பதற்கு முன்னும், அதற்குப் பின் சில காலமும், ‘வானவில்’ போன்ற எழுத்துருக்களுக்கே உரிய குறியேற்றங்களில் ஏராளமான அலுவலகக் கோப்புகள் தட்டச்சாயின. அவற்றின் ஒவ்வொரு பைட்டும் பிழையின்றி மீண்டு வந்தாலும், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திரையில் தோன்றுவது படிக்க இயலாத ஆங்கிலக் குறிகளின் வரிசையே. எனவே எழுத்துருக் கோப்புகளையும், பழைய கணக்கு மென்பொருளின் நிறுவல் கோப்புகளையும் அதே களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும். முடிந்தவரை அக்கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிய படியையும் மூலத்தை நீக்காமல் உடன்வைக்க வேண்டும். மாற்று நிரல்கள் ஒற்றையும் எண்களையும் சில இடங்களில் பிறழச் செய்வதுண்டு; நிலம், வரி, பிறப்புத் தேதி தொடர்பான பதிவுகளை மூலத்தோடு ஒப்பிட்டு ஒருவர் வரிவரியாகச் சரிபார்த்தாக வேண்டும்.