காரில் மறக்கப்படும் பிள்ளைகள்: நினைவூட்டும் கருவிகள் எங்கே வென்றன, எங்கே தோற்றன

மூடிய காருக்குள் விடப்பட்ட குழந்தை வெப்பத்தால் இறந்தது என்ற செய்தி கோடைகாலங்களில் அமெரிக்காவிலிருந்து அடிக்கடி வருகிறது. இந்தச் செய்தியை நான் யாரிடம் சொன்னாலும் திரும்பி வரும் கேள்வி ஒன்றுதான்: பெற்ற பிள்ளையை ஒருவர் எப்படி மறப்பார்?

அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டு முதல் இன்று வரை ஆயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகள் இவ்வாறு இறந்துள்ளனர். ஆண்டுச் சராசரி 37 அளவில் உள்ளது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மறந்து விடப்பட்டவர்கள். ஏறத்தாழ கால்வாசிப் பேர் நிறுத்தியிருந்த வாகனத்துக்குள் தாங்களாகவே ஏறி அகப்பட்டவர்கள். எஞ்சியவர்களில் பெரும்பாலானோர் 'இப்போது வந்துவிடுவேன்' என்று தெரிந்தே விட்டுச் செல்லப்பட்டவர்கள்.

மூடிய காருக்குள் என்ன நடக்கிறது?

வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வந்து இருக்கைகளையும் முன்பலகையையும் சூடாக்குகிறது. அவை விடும் வெப்பம் வெளியேற வழியில்லை. வெளியே 22 பாகை செல்சியஸ் மட்டுமே உள்ள நாளில்கூட ஒரு மணி நேரத்தில் காருக்குள் 47 பாகை வரை ஏறலாம் என்பதை 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்த ஏற்றத்தின் 80 வீதம் முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. கண்ணாடியைச் சிறிது இறக்கி விட்டதால் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை.

குழந்தையின் உடல் பெரியவரின் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறுகிறது. உடல் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டும்போது வெப்பத்தாக்கு ஏற்படுகிறது. 22 பாகையிலேயே நிலைமை இதுவென்றால், எங்கள் சித்திரை, வைகாசி வெயிலில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

மறதி எப்படி வருகிறது?

தென் புளோரிடா பல்கலைக்கழகத்தின் டேவிட் டயமண்ட் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவர். அவர் கூறும் விளக்கத்தை எங்கள் அன்றாட அனுபவத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். வேலை முடிந்து வரும் வழியில் பார்மசியில் நின்று மருந்து வாங்க வேண்டும் என்று நினைத்துப் புறப்படுகிறோம். வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகுதான் அது ஞாபகம் வருகிறது. பழகிய பாதையில் உடலை இழுத்துச் செல்வது மூளையின் பழக்க நினைவு. இடையில் ஒரு புதிய காரியத்தைச் செய்யச் சொல்வது இன்னொரு நினைவு. இரண்டும் மோதும்போது பழக்கமே பெரும்பாலும் வெல்கிறது.

நித்திரைக் குறைவு, மன அழுத்தம், வழமையில் திடீர் மாற்றம் ஆகியவை அந்த மோதலை மோசமாக்குகின்றன. வழக்கமாகத் தாய் கூட்டிச் செல்லும் பிள்ளையை அன்று தந்தை கூட்டிச் செல்கிறார். பிள்ளை பின்னால் நித்திரையாகிவிடுகிறது. தந்தையின் மூளை அவரை நேராக வேலைத்தளத்துக்குக் கொண்டுபோகிறது. பிள்ளையை இறக்கிவிட்டதாகவே அவர் நம்புகிறார்.

வோஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் ஜீன் வைன்கார்டன் 2009இல் எழுதிய நீண்ட கட்டுரை இத்தகைய பெற்றோரைப் பற்றியது. அடுத்த ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. படித்தவர்கள், பொறுப்பானவர்கள், பிள்ளையை நேசித்தவர்கள் என எல்லா வகையினரும் அதில் வருகிறார்கள். இழந்தவர் மீதே பழியையும் ஏற்றுவது எப்படிப்பட்டது என்பதை எங்கள் மக்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இதில் இன்னொரு காரணமும் உண்டு. 1990களில் அமெரிக்கக் கார்களின் முன்பக்கப் பயணி இருக்கைக்கும் காற்றுப்பைகள் வந்தன. விபத்தின்போது அவை விரியும் வேகம் குழந்தைகளைக் கொன்றதால், பிள்ளைகளைப் பின் இருக்கைக்கு மாற்றச் சொன்னார்கள். கைக்குழந்தையின் இருக்கையைப் பின்னோக்கித் திருப்பியும் வைத்தார்கள். விபத்து மரணங்கள் குறைந்தன. ஆனால் பிள்ளை சாரதியின் கண்ணுக்கு மறைந்தது.

கருவிகளின் வரலாறு

2002இல் நாசாவின் லாங்லி ஆய்வு மையப் பொறியியலாளர்கள் ஒரு கருவியை உருவாக்கினார்கள். குழந்தை இருக்கையின் அடியில் எடையை உணரும் ஓர் உணரி, சாவிக்கொத்தில் ஒரு சிறு ஒலிப்பான். பிள்ளை இருக்கையில் இருக்கும்போது சாரதி காரைவிட்டு விலகினால் பத்து முறை ஒலிக்கும். ஒரு நிமிடத்துக்குள் திரும்பாவிட்டால் தொடர்ந்து ஒலிக்கும். திரும்பி வந்தால்தான் நிறுத்த முடியும். நல்ல யோசனைதான், ஆனால் பெற்றோரின் கைகளுக்குப் பரவலாகச் சென்று சேரவில்லை.

பின்னர் இதே வகையில் பல கருவிகள் கடைகளுக்கு வந்தன. அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிறுவனத்துக்காக அவற்றைச் சோதித்த ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட முடிவு ஏமாற்றமானது. பிள்ளை சற்றுச் சரிந்து படுத்தாலோ, இருக்கையில் பானம் சிந்தினாலோ, அருகில் வேறு மின்கருவி இருந்தாலோ அவை தடுமாறின. அதைவிட அடிப்படையான சிக்கலும் இருந்தது. 'எனக்கு இது நடக்காது' என்று நம்பும் பெற்றோர் இதைப் பணம் கொடுத்து வாங்குவதில்லை.

ஆகவே கருவி காருடனேயே வர வேண்டியிருந்தது. ஜெனரல் மோட்டர்ஸ் 2016இல் அறிவித்த முறை பின்கதவை மட்டும் கவனிக்கிறது. பயணத்துக்கு முன் பின்கதவு திறக்கப்பட்டிருந்தால், இயந்திரத்தை நிறுத்தும்போது ஐந்து முறை மணி அடித்து, பின்னால் பார்க்கச் சொல்கிறது. நிசானின் முறை ஹோர்னையும் அடிக்கிறது. அதை உருவாக்கிய பெண் பொறியியலாளர்களில் ஒருவர், கர்ப்பிணியாக இருந்தபோது சமைத்த உணவுத் தட்டொன்றை இரவு முழுவதும் பின் இருக்கையில் மறந்து விட்டவர். உணவை மறந்தால் பிள்ளையையும் மறக்கலாம் என்ற பயத்தில் தொடங்கிய வேலை அது.

ஆனால் கதவைக் கவனிக்கும் கருவிக்குப் பிள்ளை தெரியாது. ஜெனரல் மோட்டர்ஸ் முறையில், வழியில் எண்ணெய் நிரப்ப நிறுத்தினால் மணி அங்கே அடித்துவிடும். பின்கதவைத் திறக்காமல் மீண்டும் புறப்பட்டால், வேலைத்தளத்தில் அது மௌனமாக இருக்கும்.

அடுத்த தலைமுறைக் கருவிகள் ராடாரைப் பயன்படுத்துகின்றன. கனடாவின் வோட்டர்லூ பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட கருவி மூன்று சென்ரிமீற்றர் அகலமே உடையது. கூரையிலோ கண்ணாடியிலோ பொருத்தலாம். நித்திரையில் இருக்கும் பிள்ளையின் மூச்சசைவையும் அது கண்டுபிடிக்கிறது. காரில் தானாக ஏறிய பிள்ளையைக் காப்பாற்றக்கூடியதும் இத்தகைய கருவிதான்.

சட்டம் போட்ட நாடுகள்

இத்தாலியில் 4 வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் காரில் ஏற்றுபவர் நினைவூட்டும் கருவி வைத்திருக்க வேண்டும் என்ற கடப்பாடு 2019 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வாங்குவதற்கு 30 யூரோ உதவியும் வழங்கினார்கள். அந்த விதிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: சாரதி எதையும் செய்யாமலே கருவி ஒவ்வொரு முறையும் தானாக இயங்க வேண்டும். மறதிக்கு எதிரான கருவியை இயக்குவதற்கு ஞாபகம் தேவைப்பட்டால் அதனால் பயனில்லை.

எங்களுக்கு அதிகம் பொருந்துவது தென்கொரியா, ஜப்பான் அனுபவம். 2018இல் தென்கொரியாவில் 4 வயதுச் சிறுமி ஒருத்தி பராமரிப்பு நிலைய வானில் விடப்பட்டு இறந்தாள். 2022 செப்டெம்பரில் ஜப்பானின் ஷிசுஓகா மாகாணத்தில் 3 வயதுச் சிறுமி முன்பள்ளி பஸ்ஸில் சுமார் ஐந்து மணி நேரம் விடப்பட்டு இறந்தாள். அன்று வழமையான சாரதி வரவில்லை. பிள்ளை வகுப்பில் இல்லாததைக் கண்ட ஆசிரியர், வீட்டில் நின்றுவிட்டதாக நினைத்துவிட்டார்.

இரு நாடுகளும் பொருத்தச் சொன்ன கருவிகளில் ஒன்று மிக எளிமையானது. இயந்திரத்தை நிறுத்தினால் ஒரு மணி அடிக்கும். அதை நிறுத்தும் பொத்தான் கடைசி இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கும். சாரதி பின்னால் நடந்து போயே ஆக வேண்டும். போகும்போது எல்லா இருக்கைகளும் கண்ணில் படும்.

எங்கள் வீதிகளில்

இலங்கையில் 2020 முதல் 2025 வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. எங்கள் பக்கம் ஓடும் பழைய கார்களிலும் வான்களிலும் இந்த வசதிகளை எதிர்பார்க்க முடியாது. குழந்தை இருக்கை பூட்டிய கார்களைக் காண்பதும் அரிது. ஆனால் செலவில்லாமல் செய்யக்கூடியவை உள்ளன.

- கைப்பை, கைத்தொலைபேசி போன்ற, இறங்கியதும் தேவைப்படும் ஒரு பொருளைப் பிள்ளைக்குப் பக்கத்தில் வையுங்கள்.
- வழமை மாறும் நாளில், பிள்ளையை இறக்கியதும் மற்றவருக்கு ஓர் அழைப்பு எடுப்பதை வீட்டு விதியாக்குங்கள்.
- அறிவிக்காமல் ஒரு பிள்ளை வராவிட்டால், முன்பள்ளி உடனே வீட்டுக்கு அழைக்க வேண்டும். இதைப் பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்.
- முற்றத்தில் நிற்கும் வாகனத்தைப் பூட்டி வையுங்கள். காணாமல் போன பிள்ளையைக் கிணற்றடியில் தேடும்போதே வாகனத்துக்குள்ளும் பாருங்கள்.
- மூடிய வாகனத்தில் தனியே இருக்கும் பிள்ளையைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். வெளியே எடுத்து, நிழலில் வைத்து, உடலைத் தண்ணீரால் நனைத்து, 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

புலம்பெயர்ந்த நாடுகளில் இரண்டு வேலை செய்து, நித்திரை குறைந்து, பிள்ளைகளை மாறி மாறி ஏற்றி இறக்கும் உறவினர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். புதிய கார் வாங்குபவர்கள், அதிலுள்ள முறை கதவை மட்டும் கவனிக்கிறதா, பிள்ளையையே உணர்கிறதா என்று விற்பனையாளரிடம் கேட்கலாம்.

பாடசாலை வான்களுக்குத் தேவையானது ஒரு மணி, ஒரு சுவிட்ச், சில மீற்றர் வயர். வாகன மின்வேலை தெரிந்த ஒருவர் அதைப் பூட்டிவிடுவார். பிள்ளையை வானில் அனுப்பும் பெற்றோர் சேர்ந்து கேட்டால் சாரதிமார் மறுக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அது பூட்டப்படும் வரை, பயணம் முடிந்ததும் கடைசி இருக்கை வரை ஒருமுறை நடந்து பாருங்கள் என்று அவர்களிடம் இன்றே சொல்லி வைக்கலாம்.