மனச்சோர்வுக்கான பேச்சு சிகிச்சைகள்: ஒப்பீட்டின் வரலாறு

பெரியவர்களின் மனச்சோர்வைத் தணிக்கும் பேச்சு சிகிச்சைகளுள் எது மேலானது என்ற கேள்விக்கு முன்னோடியாக, அவற்றால் பயனுண்டா என்ற கேள்வியே எழுந்தது. நியூரோசிஸ் எனப்படும் மனநலக் கோளாறு உடையவர்கள் சிகிச்சையின்றியும் அதே அளவில் தேறுகிறார்கள் என்று 1952இல் லண்டன் உளவியலாளர் ஹான்ஸ் ஐசெங்க் எழுதினார். அவர் கணக்கைப் பலர் மறுத்தனர். ஆனாலும் பலனை அளந்து காட்டவேண்டிய கடமை அதன்பின் சிகிச்சையாளர் மேல் விழுந்தது. தன்னையும் உலகையும் எதிர்காலத்தையும் இருட்டாகவே காணும் எண்ணப் பழக்கத்தைச் சோதித்துத் திருத்தும் முறையை (அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை) ஆரோன் பெக் 1960களில் பிலடெல்பியாவில் உருவாக்கினார். ஜெரால்டு கிளர்மனும் மிர்னா வைஸ்மனும் இழப்பு, பூசல், வாழ்க்கை மாற்றம் ஆகியவற்றைப் பேசித் தீர்க்கும் உறவுசார் சிகிச்சையை வகுத்தனர். அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் 250 பேரைக் கொண்டு இவ்விரண்டையும் மருந்தோடும் வெற்று மாத்திரையோடும் ஒப்பிட்டு, 1989இல் முடிவை வெளியிட்டது. இரு சிகிச்சைகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

இதைவிட ஆழமான திருப்பம் 1996இல் வந்தது. நீல் ஜேக்கப்சன் குழுவினர் பெக்கின் முறையைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தனர். எண்ணங்களைத் தொடாமல், ஒதுங்கிக் கிடப்பவரை அன்றாடச் செயல்களுக்குப் படிப்படியாக மீட்கும் பகுதி (செயல்வழிச் சிகிச்சை) தனியாகவே முழுச் சிகிச்சைக்கு ஈடான பலனைத் தந்தது. ஆய்வுகளில் பங்கேற்றோர் எண்ணிக்கை சிறிது, அதனால்தான் வேறுபாடு தெரியவில்லை என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் 2013இல் யூர்கன் பார்த் குழுவினர் 198 ஆய்வுகளைத் தொகுத்து ஏழு சிகிச்சைகளை ஒப்பிட்டபோதும் இடைவெளி சிறிதாகவே இருந்தது. 2016இல் இங்கிலாந்தில் 440 பேரிடம் நடந்த ஆய்வு, எளிய செயல்வழி முறை தாழ்ந்ததா என்பதைக் காணவே திட்டமிடப்பட்டது. இளநிலைப் பணியாளர்கள் அளித்த செயல்வழிச் சிகிச்சை, தேர்ந்த உளவியல் சிகிச்சையாளர்களின் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குச் சளைக்கவில்லை, செலவும் குறைந்தது.

சராசரி ஒன்றாக இருப்பதால் ஒவ்வொருவருக்கும் எல்லாம் ஒன்றே என்று ஆகாது என மறுக்கலாம். 1989 ஆய்விலேயே, கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களிடையே சில வேறுபாடுகள் தோன்றின. இந்த மறுப்பு சரியானது. ஆனால் யாருக்கு எது பொருந்தும் என்று முன்கூட்டியே நம்பகமாகச் சொல்லும் வழி இன்னும் கைக்கு வரவில்லை. அதுவரை, எந்தச் சிகிச்சையை அதிகம் பேருக்குக் கற்பித்துக் கொண்டுசேர்க்க முடியும் என்ற கேள்வியே முதன்மை பெறவேண்டும். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநலப் பட்டமில்லாத உள்ளூர் மக்களே பயிற்சி பெற்று, ஆறு முதல் எட்டு அமர்வுகளில் செயல்வழிச் சிகிச்சை அளித்தனர். 2017இல் வெளியான அந்த ஆய்வு வேறொரு பேச்சு சிகிச்சையோடு போட்டியிடவில்லை, வழக்கமான கவனிப்போடுதான் ஒப்பிட்டது என்பதை மறக்கலாகாது. மூன்று மாதத்தில் அச்சிகிச்சை பெற்றோரில் 64 விழுக்காட்டினரும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் 39 விழுக்காட்டினரும் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தனர்.