சத்திரத்து மணியும் பாங்குக் கணக்கும்

முக்தாம்பாளை வைத்து ஒரு சரித்திர நாவல் எழுதலாமா என்ற சபலம் எனக்கு வெகு நாளாக உண்டு. அந்தச் சபலத்தில்தான் 2023 செப்டம்பரில் ஒரு நாள் தஞ்சாவூரில் பட்டுக்கோட்டை பஸ் ஏறி ஒரத்தநாட்டில் இறங்கினேன். இரண்டாம் சரபோஜி மகாராஜாவின் பிரியத்துக்குப் பாத்திரமானவள் முக்தாம்பாள். சாகும் தறுவாயில், தன் பெயரில் ஒரு சத்திரம் வேண்டும் என்று அவள் கேட்டாள் என்றும், அதனால் மகாராஜா 1802-ல் இந்தச் சத்திரத்தைக் கட்டி, இடத்துக்கே முக்தாம்பாள்புரம் என்று பெயர் வைத்தார் என்றும் சொல்வார்கள். பெயர் நிலைக்கவில்லை, ஊர் ஒரத்தநாடாகவே இருந்துவிட்டது. சத்திரம் மட்டும் மரத் தூண்களும் முற்றங்களுமாக நின்றுகொண்டிருக்கிறது.

தூண் ஓரமாக உட்கார்ந்து, முதல் அத்தியாயத்துக்கு ஒரு நிலாக் காட்சியை ஜோடித்துக் கொண்டிருந்தேன். அதைக் கலைத்தது ஒரு பாங்க் பாஸ்புத்தகம்.

"சார், இதுல என்ன எளுதிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று ஓர் அம்மாள் அதை நீட்டினாள். ஐம்பது வயதிருக்கும். நடவு ஆள். அந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் குறைவு. புது ஆற்றுப் பாசனத்தை நம்பிய வயல்களில் வேலை அதிகம் இல்லை. "ஆயிரம் ரூவா ஏறியிருக்குன்னு போன்ல வந்துச்சு சார். போயிக் கேட்டா, ஒண்ணும் இல்லங்குறாங்க. ஏறுன பணம் எங்க சார் போவும்?"

புத்தகத்தில் அத்தனையும் இங்கிலீஷ் எழுத்து; அதிலும் பாதி சுருக்கெழுத்து. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தின் முதல் ஆயிரம் ரூபாய் அது. செப்டம்பர் 15-ம் தேதி காஞ்சீபுரத்தில் திட்டம் தொடங்கி, ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களுக்குப் பணம் அனுப்பியிருந்தார்கள். அவளுக்கும் வந்திருந்தது. வந்த அன்றே போயும் இருந்தது.

எப்படி என்று விசாரித்ததில் கதை இதுதான். சில வருஷங்களுக்கு முன்பு நகைக் கடனுக்காக ஒரு பாங்கில் கணக்குத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆதாரையும் அதனோடு இணைத்தாயிற்று. கடன் அடைந்தது, தோடு திரும்பியது, கணக்கை அவள் மறந்துபோனாள். பாங்க் மறக்கவில்லை. குறைந்தபட்ச இருப்பு இல்லாத குற்றத்துக்கு மாதம் 40 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் வரி, ஆக 47 ரூபாய் 20 காசு என்று 22 மாதமாகப் பாக்கி எழுதிக்கொண்டே வந்திருக்கிறது. மொத்தம் 1,038 ரூபாய் 40 காசு. சர்க்கார் பணமோ ஆதார் எந்தக் கணக்கோடு சேர்ந்திருக்கிறதோ அங்கேதான் போய் விழும். விழுந்தது, நேராகிவிட்டது. இன்னும் 38 ரூபாய் 40 காசு அவள் கொடுக்க வேண்டும்!

இரண்டு வருஷம் யாரும் தொடாத கணக்குக்கு இந்த அபராதம் போடக்கூடாது என்று ரிசர்வ் பாங்க் 2014-ல் சொல்லியிருக்கிறது. இரண்டு மாத வித்தியாசத்தில் அகப்பட்டுக்கொண்டாள்.

நான் சொல்லச் சொல்ல அவள் கோபப்படவில்லை. "பணம் இல்லாததுக்கா அபராதம்?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் அண்ணாந்து சத்திரத்தின் கூரையைப் பார்த்தேன். அப்போதுதான் தோன்றியது: இதைக் கட்டிய மனிதரும் உதவித் தொகையில் ஜீவித்தவர் அல்லவா!

1799 அக்டோபரில் கும்பினியார் செய்த உடன்படிக்கையின்படி சரபோஜி தம்முடைய ராஜ்ய நிர்வாகத்தை அவர்களிடம் ஒப்படைத்தார். பதிலுக்கு அவருக்கு வருஷம் ஒரு லட்சம் நட்சத்திர வராகனும், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் என்று ஏற்பாடு. சோழ நாட்டு நெல் விளையும் பூமியெல்லாம் கைமாறிவிட்டது. ராஜா சரஸ்வதி மகாலும் வைத்திய சாஸ்திரமும் துணையாக, கும்பினி அளக்கிற பணத்தில் காலம் தள்ளலானார். அந்தச் சமயத்தில் அவருக்கு ஒரு பயம் வந்தது. சத்திரங்களுக்கு விட்டிருந்த நிலங்களிலும் கும்பினி கை வைத்துவிடுமோ?

1801-ல் தஞ்சாவூர் ரெசிடெண்டுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம் கிடைத்திருக்கிறது. நியாயமாக அதைக் கடிதம் என்பதைவிட மன்றாட்டு என்றே சொல்ல வேண்டும். ராமேசுவர யாத்திரை வழியில் தம் முன்னோர் வைத்த சத்திரங்கள் என்னென்ன செய்கின்றன என்று அதில் ஒவ்வொன்றாக விவரிக்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை, பைராகிகள் ஜங்கமர்கள் உட்பட, வருகிறவர் எல்லாருக்கும் சோறு. சமைத்த சோறு சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் சாமானும். வழியில் நோயாய் விழுந்தவருக்கு வைத்தியம், குணமாகும்வரை தங்கலாம். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குப் பராமரிப்பு, படிப்பு. பிள்ளைத்தாய்ச்சியாக வந்து சேர்ந்தவளுக்குப் பிரசவம். செத்தவருக்கு அவரவர் முறைப்படி சம்ஸ்காரம்.

இவற்றிலெல்லாம் என்னை நிறுத்தியது ஒரு சிறு விவரம். அன்னம் அளிப்பது நடுநிசி வரை நடக்குமாம். நடுநிசியில் ஒரு மணி அடிப்பார்களாம். 'இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம்' என்று கூவி அழைத்து, அவர்களுக்காக வைத்திருக்கும் சோற்றைப் போடுவார்களாம். கொடுப்பவன் விளக்கைப் பிடித்துக்கொண்டு, விட்டுப்போனவனைத் தேடுகிறான். சத்திரத்து மணியகாரர்கள் எல்லாரும் தர்மபுத்திரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அரிசி மூட்டை இருக்கிற இடத்தில் எலியும் இருக்கும். ஆனாலும் விதி அப்படி இருந்தது. சத்திரங்கள் மன்னர் வசமே நின்றன; அடுத்த வருஷம் ஒரத்தநாட்டில் புதிதாக ஒன்றும் எழுந்தது.

சரபோஜி 1832-ல் இறந்தார். அவர் மகன் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும், ராஜ்யத்தின் பெயரும் போயிற்று. பெயர் போனது போகட்டும். 1856-ல் கும்பினி அரண்மனைக்குள் புகுந்து, ராஜாவின் சொந்தச் சொத்தையும் சேர்த்து வசப்படுத்திக்கொண்டது. மூத்த ராணி காமாட்சி பாய் லேசுப்பட்டவள் அல்ல. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டு ஜெயித்தாள். கும்பினி லண்டனில் பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. 1859-ல் தீர்ப்பு வந்தது: இது ராஜாங்கச் செயல், இதில் நியாயம் இருக்கிறதா என்று பார்க்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை. செய்தது சரி என்று சொல்ல அந்த நீதிபதிகளுக்கும் மனம் வரவில்லை என்பது தீர்ப்பைப் படித்தாலே தெரியும். கடைசியில் 1862-ல், தயவு பண்ணி, சொந்தச் சொத்தை விதவைகளிடம் திருப்பிக் கொடுத்தார்கள். முதலில் எடுத்துக்கொள்வது, பிறகு மனுப் போடச் சொல்வது. இந்த வரிசையைத்தான் நான் கவனித்தேன்.

இதற்குச் சில வருஷம் கழித்து இரண்டு சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. 1871-ம் வருஷத்துப் பென்ஷன் சட்டம் 11-வது பிரிவில், அரசியல் காரணத்துக்காகவோ, உழைத்ததற்காகவோ, கருணைப்படியாகவோ சர்க்கார் தரும் பென்ஷனைக் கடன்காரன் கோர்ட்டு மூலம் ஜப்தி செய்ய முடியாது என்றது. மறு வருஷம் வந்த ஒப்பந்தச் சட்டத்தின் 171-வது பிரிவு, கணக்குப் பாக்கிக்கு ஈடாக வாடிக்கைக்காரரின் பொருளைப் பாங்குக்காரர் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம் என்றது. பணத்துக்குப் பணம் நேர் செய்துகொள்ளும் வழக்கம் இந்த உரிமைக்கு அடுத்த வீடு. மகளிர் உரிமைத் தொகை முதல் சட்டத்தில் அடங்குமா என்பது வக்கீல்கள் பாடு. அடங்கினாலும் என்ன? பாங்க் கோர்ட்டுக்குப் போக வேண்டியதே இல்லையே! பணம் அதன் பெட்டியில்தான் இருக்கிறது.

சென்னை ராஜ்யத்தில் முதியோர் பென்ஷன் தொடங்கியது 1962 ஏப்ரல் 1-ம் தேதி. மாதம் 20 ரூபாய். பிறகு 1975-ல் ஆதரவற்ற விதவைகளுக்கும் வந்தது. அதெல்லாம் மணியார்டரில் வரும். எங்கள் தெருவில் ஒரு கிழவி, தேதி நெருங்கிவிட்டால் திண்ணையை விட்டு எழுந்திருக்க மாட்டாள். தபால்காரர் கைநாட்டு வாங்கிக்கொண்டு நோட்டை எண்ணிக் கொடுப்பார். கமிஷன் அனுப்புகிறவர் தலையில். மணியார்டர் பல தினுசில் தாமதப்பட்டதுண்டு. ஆனால் பழைய பாக்கி என்று சொல்லி வழியிலேயே கரைந்ததாக நான் கேட்டதில்லை. அதற்குப் பற்று வரவு கிடையாது.

கணக்குக்குப் பணம் போவதில் நடுவே நிற்கும் கைகள் குறையும் என்பது மெய்தான். அதற்காகத்தான் 2012-ல் ரிசர்வ் பாங்க் அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று, இருப்பே வேண்டாத ஒன்றைக் கொண்டுவந்தது. 2014 ஆகஸ்டில் ஜன்தன் வந்தது. அதே வருஷம், இந்த அபராதத்தால் மட்டும் எந்தக் கணக்கும் பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்றும் ரிசர்வ் பாங்க் உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு. கணக்கில் பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றது. பாக்கி வேறோர் ஏட்டில் நிழலாக வளர்ந்தது.

அபராதத்தின் கணிதமும் விசித்திரமானது. பார்ப்பது மாதச் சராசரியை. ஆயிரம் ரூபாய் வந்து ஒரு நாள் இருந்து, மறுநாள் மளிகைக் கடைக்குப் போய்விட்டால் சராசரி 33 ரூபாய் சொச்சம். பணத்தை எடுத்துச் செலவு செய்தாக வேண்டியவள் எந்த மாதமும் தப்ப முடியாது. 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை ஸ்டேட் பாங்க் ஒன்றே இப்படி வசூலித்தது 1,771 கோடி ரூபாய். அந்த வருஷம் ஜூலை முதல் செப்டம்பர் வரை அதற்குக் கிடைத்த லாபத்தைவிட இது அதிகம். ஊரெல்லாம் பேசிய பிறகு தொகையைக் குறைத்தார்கள். 2020 மார்ச்சில் அடியோடு எடுத்துவிட்டார்கள். வேறு சில பொதுத்துறை பாங்குகளுக்கு அந்த மனம் வர 2025 ஆயிற்று.

ஒரத்தநாட்டில் நடந்தது தமிழ்நாடு முழுவதும் நடந்திருக்கிறது. அப்போது நிதியமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு, உரிமைத் தொகையைப் பாங்குகள் பாக்கிக்குக் கழித்துக்கொள்ளக் கூடாது, கழித்தால் 1100 என்ற எண்ணில் புகார் சொல்லலாம் என்று அறிக்கை விட்டார். அதைச் சொல்லி, அந்தத் தூணடியிலேயே அவளுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். சரபோஜி எழுதியது போல விஸ்தாரமாக அல்ல, அரைப் பக்கம். மானேஜர் இளவயதுக்காரர், மரியாதையாகவே பேசினார். "நாங்க யாரும் கை வைக்கலை சார். கம்ப்யூட்டரே எடுத்துக்குது" என்றார். கணக்கை அடிப்படைக் கணக்காக மாற்ற அன்றே படிவம் கொடுத்தார்.

அக்டோபரில் அவள் கைக்கு வந்தது 961 ரூபாய் 60 காசு. பழைய பாக்கியைக் கம்ப்யூட்டர் மறக்கவில்லை. பிடித்த அபராதம் டிசம்பரில் திரும்பியது, 880 ரூபாய். மீதி 158 ரூபாய் 40 காசு வரியாகச் சர்க்காருக்குப் போய்விட்டது, அதை எங்களால் திருப்ப முடியாது என்றார்களாம்.

போனில் இதைச் சொன்னவள், "குடுத்ததும் அவங்கதான், எடுத்ததும் அவங்கதானா சார்?" என்று கேட்டுவிட்டு, பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.