பிறந்த பிள்ளைக்கு ஏன் அந்த ஊசி? கோழிக்குஞ்சுகள் சொன்ன பதில்



சென்ற கிழமை எமது ஆசிரியர் ஓய்வறையில் ஒரு கதை வந்தது. புதிதாக வாப்பாவான சக ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "பிள்ள பிறந்து கொஞ்ச நேரம்தான் சேர். அதுக்குள்ள தொடையில ஊசி போட்டுட்டாங்க. வீட்டுல உம்மம்மா ஒரே ஏச்சு. இது தேவதானா?"

அது விற்றமின் கே ஊசி. நோய்க்கான தடுப்பூசி அல்ல, ஒரு சத்து. ஆனால் ஏன் போடுகிறார்கள் என்று கேட்டபோது எம்மில் எவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தேடி வாசித்தோம். அந்த வரலாறு எம்மைக் கோழிக்கூட்டுக்குக் கொண்டுபோய் விட்டது.

1929ஆம் ஆண்டளவில் டென்மார்க்கின் கொப்பன்ஹேகனில் ஹென்ரிக் டாம் என்ற உயிர் இரசாயனவியலாளர் கோழிக்குஞ்சுகளை வளர்த்தார். கொலஸ்ட்ரோலைக் குஞ்சின் உடல் தானாகவே உருவாக்குமா என்பதுதான் அவரது கேள்வி. அதனால் கொழுப்பு நீக்கிய தீவனத்தைக் கொடுத்தார். சில கிழமைகளில் குஞ்சுகளின் தோலுக்கடியிலும் தசையிலும் இரத்தம் கசிந்தது. எடுத்த இரத்தமும் உறையத் தாமதித்தது.

கொலஸ்ட்ரோலைத் திரும்பச் சேர்த்தார், கசிவு நிற்கவில்லை. எலுமிச்சைச் சாறு கொடுத்தார், அதுவும் உதவவில்லை. பச்சை இலைகளிலும் ஈரலிலும் உள்ள ஏதோ ஒன்றுதான் குஞ்சுகளைக் காத்தது. 1935இல் அதற்கு விற்றமின் கே என்று பெயரிட்டார். இரத்தம் உறைவதைக் குறிக்கும் சொல் டேனிஷ், ஜேர்மன் மொழிகளில் 'கே' எழுத்திலேயே தொடங்குகிறது.

அதே காலத்தில் அமெரிக்காவின் பேர்க்லியில் ஹேர்மன் அல்ம்குயிஸ்ட் என்ற கோழித்தீவன ஆய்வாளரும் ஸ்டோக்ஸ்டாட் என்பவரும் இதே நோயை ஆராய்ந்தனர். ஈரமாகிப் பழுதடைந்த மீன்தூள் குஞ்சுகளைக் காப்பதை அவர்கள் கண்டனர். காரணம் பக்றீரியா. அவை அந்தச் சத்தை உருவாக்கியிருந்தன.

ஆனால் அது விற்றமின் சி குறைபாடு என்று அங்கேயே வேறு சிலர் முன்னர் எழுதியிருந்தனர். அல்ம்குயிஸ்ட்டின் கட்டுரை தாமதமானது. ஒரு சஞ்சிகை அதை ஏற்கவும் மறுத்தது. 1935 ஜூலையில் 'நேச்சர்' சஞ்சிகையில் அது வெளிவந்தபோது, டாமின் கட்டுரை அதே சஞ்சிகையில் ஏப்ரலிலேயே வந்துவிட்டது. 1943ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு டாமுக்கும், அச்சத்தின் இரசாயன இயல்பைக் கண்டறிந்த எட்வர்ட் டொய்சிக்கும் கிடைத்தது. அல்ம்குயிஸ்ட்டுக்கு இல்லை.

இருந்தாலும் எமது நண்பரின் கேள்விக்கு அல்ம்குயிஸ்ட்டின் மீன்தூளும் ஒரு பதில் வைத்திருக்கிறது. எமது குடலில் உள்ள பக்றீரியாக்களும் விற்றமின் கே உருவாக்குகின்றன. இப்போதுதான் பிறந்த பிள்ளையின் குடலில் அவை இன்னும் குடியேறவில்லை. தாயின் இரத்தத்திலிருந்து சூல்வித்தகம் வழியாகவும் இந்தச் சத்து மிகக் கொஞ்சமே போகிறது. தாய்ப்பாலே பிள்ளைக்குச் சிறந்த உணவு. ஆனாலும் விற்றமின் கே அதில் குறைவு. உம்மா முருங்கை இலை தாராளமாகச் சாப்பிட்டாலும் பிள்ளைக்குப் போதிய அளவு பாலில் வந்துவிடாது.

அதனால் சில பிள்ளைகளுக்குத் தொப்புளில், குடலில், சிலவேளை மூளையில் இரத்தக்கசிவு ஏற்படுகிறது. நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குச் சில கிழமைகள் கழித்தும் இது வரலாம். எந்தப் பிள்ளைக்கு வரும் என்று முன்கூட்டி அறிய வழியில்லை. 1961இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு, பிறக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைக் கொடுக்கப் பரிந்துரைத்தது. இன்று உலக சுகாதார நிறுவனமும் 1 மில்லிகிராம் ஊசியைப் பரிந்துரைக்கிறது.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உம்மம்மாக்கு நீங்களே வந்து சொல்லுங்க சேர், நான் சொன்னா கேக்க மாட்டா" என்றார். போனோம். தேநீரும் கிடைத்தது. உம்மம்மா முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப அந்தக் குஞ்சுகள் பாவம்" என்று மட்டும் சொன்னார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை பிறக்க இருந்தால், இதை இப்போதே பெரியவர்களிடம் பேசி வையுங்கள். சந்தேகம் இருந்தால் கிளினிக் போகும்போது டொக்டரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ கேளுங்கள். பிரசவ அறை வாசலில் நின்று வாதாடும் நேரத்தில் யாருக்கும் விளக்கம் காதில் ஏறாது.