ஜந்தர் மந்தரில் சுண்ணாம்பு பூசியவர்கள்

டெல்லி ஜந்தர் மந்தர் என்றதும் நமக்கு வானியல் நினைவுக்கு வருவதில்லை. பதாகையும் பறையும் போலீஸ் தடுப்பும்தான் வரும். 1993 முதல் நீதி கேட்டு டெல்லிக்கு வருபவர்கள் அந்தச் சாலையில்தான் உட்காருகிறார்கள். 2017 அக்டோபரில் ஒலி மாசைக் காரணம் காட்டி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே போராடத் தடை விதித்தது. முழுத் தடை செல்லாது என்று 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தச் சாலைக்குப் பெயர் கொடுத்த செந்நிறக் கட்டடங்களுக்குள் நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

போக வேண்டும். அவை குடியிருக்கக் கட்டியவை அல்ல. வானத்தை அளக்கும் கருவிகள். ஆம்பர் அரசர் சவாய் ஜெய்சிங் (1688–1743) டெல்லி, ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, வாரணாசி, மதுரா என ஐந்து ஊர்களில் இவற்றை எழுப்பினார். மதுராவில் இருந்தது அழிந்துவிட்டது. டெல்லியில் இருப்பது 1724இல் கட்டப்பட்டது.

ஜெய்சிங் முதலில் நம்பியது பித்தளைக் கருவிகளைத்தான். அவை கைவிட்டன. முகலாயப் பேரரசர் முகம்மது ஷாவின் பெயரால் தொகுத்த வானியல் அட்டவணையின் முன்னுரையில் காரணத்தை அவரே சொல்கிறார்: பித்தளைக் கருவி சிறியது, நுண்ணிய அளவுகளைக் குறிக்க இடம் போதாது, அச்சு தேய்கிறது, மையம் நகர்கிறது. அதனால்தான் கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் போனார்.

இந்த இடத்தில்தான் நாம் நிற்க வேண்டும். கருவி கல்லாக மாறியதும், அதன் துல்லியம் கொத்தனார் கைக்குப் போய்விடுகிறது. ஜெய்ப்பூரின் பெரிய சாம்ராட் யந்திரத்தைப் பாருங்கள். 70 அடிக்கு மேல் உயரமான முக்கோணச் சுவர். அதன் சாய்ந்த விளிம்பு துருவத்தை நோக்க வேண்டும். அதாவது சாய்வுக் கோணம் அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமமாக, ஏறக்குறைய 27 பாகையாக இருக்க வேண்டும். இருபுறமும் சுமார் 50 அடி ஆரத்தில் வளைந்த சுவர்கள். அவற்றின் மேல் நிழல் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 6 சென்டிமீட்டர் நகர்கிறது. 2 விநாடி வரை நேரம் சொல்லும் என்கிறார்கள். அப்படியானால் பூச்சில் 2 மில்லிமீட்டர் பிசகினாலே கணக்கு தவறிவிடும். நூல் பிடித்து, மட்டம் பார்த்து, அந்த வளைவைக் கரணையால் இழைத்த ஆளுக்கு வடிவியல் தெரியாது என்று யார் சொல்வது?

பாடநூலில் ஜெய்சிங் இருக்கிறார். கொஞ்சம் கூடுதலாகப் படித்தால், தாலமியின் நூலை அரபியிலிருந்து சமஸ்கிருதத்துக்குக் கொண்டுவந்த பண்டிதர் ஜெகந்நாதர் வருகிறார். (பண்டைய பாரத அறிவியல் என்று மார்தட்டுபவர்கள் இந்த அரபி வழியைச் சொல்வதில்லை. ஜெய்சிங் மறைக்கவில்லை, சமர்கண்டின் உலுக் பேக் அவருக்கு முன்மாதிரி.) கல் உடைத்தவர், சுண்ணாம்பு சுட்டவர், சாரம் கட்டியவர் யாரையும் நமக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. மந்திரம் ஓதுபவருக்கு அறிவு, மண்ணைத் தொடுபவருக்கு வெறும் உழைப்பு என்று பிரித்த சமூகம் இது. சாதி உழைப்பவர்களையே படிப்படியாகப் பிரித்து அடுக்கியது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதியது இதைப் பற்றியும்தான். அசுவமேத யாகம் செய்த அரசர் இவர் என்பதையும் மறக்க வேண்டாம்.

வெள்ளைக்காரன் வந்த பிறகும் கதை மாறவில்லை. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டியது. தொலைநோக்கி துளியும் அசையக் கூடாது. அதைத் தாங்க சுமார் 15 அடி உயரக் கருங்கல் தூண் நிறுத்தினார்கள். எடை ஏறக்குறைய 10 டன். கிரேன் இல்லாத காலத்தில் அதை வெட்டி, இழுத்து, செங்குத்தாக நிமிர்த்தியவர்கள் பெயர் தெரியாதவர்கள். தூணில் ஆண்டும், கட்டடக் கலைஞர் என்று மைக்கேல் டாப்பிங்கின் பெயரும் செதுக்கப்பட்டிருக்கின்றன. வானிலை மைய வளாகத்தில் அந்தத் தூண் இன்றும் நிற்கிறது. சென்னையில் படிக்கும் தோழர்கள் அனுமதி கேட்டு ஒருநாள் போய்த் தொட்டுப் பாருங்கள்.