தீப்புள்ளி சொல்லாதது: குரங்கணிச் சரிவும் தோட்டத்து வீடும்

தேனி, கம்பம் பள்ளத்தாக்கின் காட்டுத்தீயைச் செயற்கைக்கோள் தீப்புள்ளிகளைக் கொண்டு வாசிக்கும் மரபு இன்று வலுப்பெற்றிருக்கிறது. புள்ளிகள் ஊரை ஒட்டி விழுந்தால் தீ வைத்தவர்கள் ஊர்க்காரர்கள், அவர்களைக் கட்டுப்படுத்தினால் ஆபத்து தணியும் என்பது அதன் வாதம். இதன் முதல் பாதிக்கே சான்று போதாது. இரண்டாம் பாதி, காக்க வேண்டிய வீட்டைக் கணக்கில் கொள்ளவே இல்லை.

இந்திய வன அளவீட்டு நிறுவனத்தின் எச்சரிக்கைகளுக்கு அடிப்படையான விஐஐஆர்எஸ் கருவியில் ஒரு படப்புள்ளி ஏறத்தாழ 375 மீட்டர் சதுரம், அதாவது சுமார் 35 ஏக்கர். செயற்கைக்கோள் கடந்துசெல்வது தோராயமாகப் பகல் ஒன்றரை மணிக்கும் இரவு ஒன்றரை மணிக்கும். காலையில் அடிவாரத்தில் பற்றி மேலேறிய தீ, பகல் ஒன்றரைக்கு உச்சிச் சரிவில் பதிவாகும். மூன்று மணிக்குப் பற்றி இருட்டுவதற்குள் அவிந்த தீ பதிவாகாமலே போகலாம். செயற்கைக்கோள் கடக்கும் நேரத்தில் எங்கே கனன்றது என்பதைத்தான் புள்ளி சொல்கிறது. எங்கே தொடங்கியது, யார் கை பட்டது என்பதை அதிலிருந்து பெற முடியாது. புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தாலும் இந்தக் குறை தீராது.

போடி அருகே 2018 மார்ச் 11இல் நிகழ்ந்த குரங்கணித் தீயை இந்த வெளிச்சத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். கொழுக்குமலையிலிருந்து இறங்கிவந்த மலையேற்றக் குழுவினரில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அனுமதி இருந்ததா, தீ வைத்தது யார் என்ற இரண்டு கேள்விகளிலேயே விவாதம் நின்றுவிட்டது. மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன, அவை தேவைதான். ஆனால், ஓடத் தெரிந்த இளைஞர்களைத் தீ எப்படி எட்டிப்பிடித்தது என்பதற்கு அவற்றில் விடையில்லை. விடை சரிவில் இருக்கிறது. மேட்டை நோக்கி ஏறும் தீயின் நாக்கு எதிரே நிற்கும் புல்லின்மேல் சாய்ந்து, அதை முன்கூட்டியே காயவைக்கிறது. சரிவு பத்துப் பாகை கூடினால் வேகம் இரட்டிக்கும் என்பது ஆஸ்திரேலியத் தீயணைப்பாளர்கள் கையாளும் கணக்கு. அதன்படி முப்பது பாகையில் எட்டு மடங்கு. மலையிடுக்கு புகைபோக்கியாகவே மாறும். மார்ச் வெயிலில் காய்ந்த ஆளுயரப் புல்லுக்கு, பொறி யாருடையது என்பதில் வேறுபாடில்லை.

இதே பருவத்தில்தான் போடி மலைச்சரிவுகளில் இலவங்காய் வெடிக்கிறது. பறிப்புக்காகத் தோட்டத்து வீடுகளில் ஆட்கள் தங்குகிறார்கள். இறவாரத்தை ஒட்டிப் பஞ்சு மூட்டை, பக்கத்தில் விறகு அடுக்கு, கூரைமேல் சருகு. பறந்துவரும் ஒரு தீப்பொறி போதும். 35 ஏக்கர்ப் புள்ளிக்கு இந்த முற்றம் தெரியாது. வீட்டின் கதியை முடிவு செய்வதோ இந்த முற்றம்தான்.

ஆகவே மாசி பிறக்கும் முன்பே வீட்டைச் சுற்றிப் பத்து மீட்டராவது புல்லும் உண்ணிச்செடியும் அரிந்து அகற்றப்பட வேண்டும். பள்ளப்பக்கம் இன்னும் கூடுதலாக வேண்டும், தீ அங்கிருந்துதான் ஏறிவரும். மூட்டையும் விறகும் சுவரைவிட்டு விலக வேண்டும். புகை கண்டவுடன், பாதை மறையும் முன் புறப்பட வேண்டும். மேட்டுக்கும் இடுக்குக்கும் போகாமல், தீயின் போக்குக்குப் பக்கவாட்டில் விலகி, வெறும்பாறையையோ எரிந்து தணிந்த நிலத்தையோ சேர வேண்டும். உடலில் பருத்தித் துணி இருக்கட்டும்; செயற்கை இழை உருகி ஒட்டும்.

வீடுகள் எரிவது கலிபோர்னியாவின் சிக்கல், நம்முடையதல்ல என்பார்கள். புல்லுக்கு நடுவே குடும்பம் உறங்கும் இடத்தில் இந்த மறுப்பு நிற்காது. தீ வைத்தவரை விடுவிக்கும் வாதம் இது என்பதும் பொருந்தாது. 1882ஆம் ஆண்டு வனச்சட்டப்படி காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றமே. ஆனால், ஊர் முழுவதையும் ஐயத்துக்குள்ளாக்கினால், புகையை முதலில் காண்பவர் சொல்லத் தயங்குவார் என்று அஞ்ச இடமுண்டு. 2018இல் காயம்பட்டவர்களை மீட்க மலையேறியவர்களில் குரங்கணி ஊர்க்காரர்களும் இருந்தார்கள். தீத்தடுப்புக் கோடு வெட்டும் பணியும், கூலியும், தோட்டத்து வீடுகளின் முன்னாய்வும் அவர்கள் கையில் தரப்பட வேண்டும். பள்ளத்தாக்கின் ஆபத்தை அளக்க விரும்பும் ஆய்வும் புள்ளிக் கணக்கோடு நில்லாமல், புல்லின் உயரத்தையும், இறவாரத்துக்கும் அதற்கும் உள்ள தூரத்தையும், இறங்கும் பாதையையும் அளக்கத் தொடங்க வேண்டும்.