இரண்டு கல்வாரிகள்

கடலைக் காணாத டில்லி மாநகரில், இரயில்வே அலுவலகக் கோப்புகளோடு நாள் கழிக்கும் எழுத்தன் ஒருவன் நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றி எழுத முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் இவ்வரலாற்றில் நாம் அறியவேண்டிய படிப்பினை ஒன்று உளது எனக் கருதியே எழுதத் துணிந்தேன்.

1967-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், அந்நாளைய சோவியத் நாட்டைச் சேர்ந்ததும் இன்று லாட்வியாவின் தலைநகராக விளங்குவதுமான ரீகாவில், பால்டிக் கடலின் கடுங்குளிரிடையே, நம் நாட்டின் முதல் நீர்மூழ்கிக் கப்பல் கடற்படையிற் சேர்க்கப்பெற்றது. அதன் பெயர் கல்வாரி. ஆழ்கடற் சுறா ஒன்றுக்கு மலையாளத்தில் வழங்கும் பெயர் அது என்பர். அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றவர் கமாண்டர் கே. எஸ். சுப்பிரமணியன்.

கட்டி முடித்த மாத்திரத்தில் ஒரு கப்பல் போர்க்கப்பல் ஆகிவிடுவதில்லை. அரசாணை படிக்கப்பெற்று, கடற்படைக் கொடி ஏறிய பின்னரே அது படையைச் சார்ந்ததாகிறது. ரீகாவில் ஏறிய கொடி நம்முடையது; கப்பலோ சோவியத் தொழிலாளர் சமைத்தது. சூயஸ் கால்வாய் அப்போது மூடிக் கிடந்தமையால், ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு, 1968 ஜூலையில் அது விசாகப்பட்டினம் வந்தடைந்தது.

விலை கொடுத்து வாங்கிய கப்பலை ஓட்டக் கற்றோம். கட்டக் கற்பது எப்போது? 1981-ஆம் ஆண்டில் ஜெர்மானியருடன் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி இரு கப்பல்கள் ஜெர்மனியிலும் இரு கப்பல்கள் மும்பை மசகான் கப்பல்துறையிலும் கட்டப்பெற்றன. இது எளிய தொழிலன்று. கடலில் 300 மீட்டர் ஆழத்தில், கப்பலின் உடலில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ 30 கிலோ பாரம் அழுத்தும். எஃகுத் தகடுகளை இணைக்கும் பற்றவைப்பில் மயிரிழை பிழை நேரினும் உள்ளிருப்போர் அனைவரின் உயிருக்கும் ஆபத்து. அத்தகைய அருந்தொழிலை நம்மவர் கற்றுத் தேர்ந்தனர். 1992-இல் சால்கியும் 1994-இல் சங்குலும் நம் மண்ணிலேயே உருவாகிப் படையிற் சேர்ந்தன.

அதன்பின் நேர்ந்ததே வருந்தத்தக்கது. மேலும் இரு கப்பல்களைக் கட்டும் எண்ணம் முன்னமே கைவிடப்பட்டிருந்தது. உலைக்களம் குளிர்ந்தது. கைதேர்ந்தோர் வேறு பணிகளுக்குச் சென்றனர். சிலர் ஓய்வு பெற்றனர். பழைய கல்வாரியும் 1996-இல் விடைபெற்றது. 2005-இல் பிரெஞ்சுக்காரருடன் ஆறு கப்பல்களுக்குப் புதிய ஒப்பந்தம் செய்தபோது, ஒருமுறை கற்ற பாடத்தைப் பெரும்பாலும் மீண்டும் தொடக்கத்திலிருந்தே கற்க நேர்ந்தது. 2012-இல் வரவேண்டிய முதற் கப்பல், 2017 டிசம்பர் 14-ஆம் நாளன்றே பிரதமர் நரேந்திர மோடி அவர்களால் மும்பையில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்றது. அதற்கும் கல்வாரி என்றே பெயரிட்டனர். இரண்டு கல்வாரிகளுக்கும் இடையே ஐம்பது ஆண்டுகளும் ஆறு நாட்களும் சென்றிருந்தன.

இவ்விடத்தில், என் உப்பைத் தின்னும் இரயில்வேயின் நினைவு எனக்கு வருகின்றது, அன்பர்கள் பொறுத்தருள்க. 1955 அக்டோபர் 2-ஆம் நாள் பண்டித நேரு பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். அங்கும் நம்மவர் சுவிட்சர்லாந்து நாட்டாரிடம் மாணாக்கராக இருந்தே தொழில் கற்றனர். ஆனால் பெரம்பூரில் பணி அறவே நின்றுபோன காலம் இல்லை. தந்தை கற்றதை மகன் கற்றான். மூத்தவர் கைப்பழக்கம் இளையவர் கைக்கு வந்தது. 70,000-க்கு மேற்பட்ட பெட்டிகள் அங்கு உருவாகியுள்ளன. 2019-இல் நம் புது டில்லி நிலையத்தினின்று வாரணாசிக்குப் புறப்பட்ட முதல் வந்தே பாரத் வண்டியும் பெரம்பூர்ப் பிள்ளையே.

பெரம்பூருக்கு வாய்த்த தொடர்ச்சி மசகானுக்கு வாய்க்கவில்லை. அறிவிலோ உழைப்பிலோ மும்பைத் தொழிலாளர் எவ்வகையிலும் குறைந்தவர் அல்லர். கையிலிருந்த தொழிலைத் தொடர அவர்களுக்கு வேலை தரப்படவில்லை, அவ்வளவே. ஆறு கப்பல்களுள் கடைசியான வாக்ஷீர் 2025 ஜனவரி 15-ஆம் நாள் படையிற் சேர்ந்துவிட்டது. இனியேனும் அத்தொழிலகத்தின் கனல் அவியாதிருத்தல் வேண்டும். பல ஆண்டு விட்டுவிட்டு மீண்டும் அரிச்சுவடி தொடங்கும் நிலை மறுமுறை வரலாகாது.

கப்பலுக்குச் சொன்னது நம் இல்லத்துக்கும் பொருந்தும். டில்லியிற் பிறந்த நம் மக்கள் தமிழைச் செவியால் அறிவர். எழுத்தால் அறிவோர் சிலரே. ஒரு தலைமுறை விட்டுவிட்டால் அடுத்த தலைமுறை அதனை அயல்மொழி போலப் பயில நேரும். ஆகவே நம் சங்கத்தின் வார வகுப்பில் ஐந்து பிள்ளைகளே வரினும் ஆசிரியர் அதனை நிறுத்தாதிருப்பாராக. பெற்றோரும் பிள்ளைகளை அனுப்பத் தவறாதிருப்பாராக.

வாழ்க நம் நாடு! வளர்க நம் சங்கம்!